மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் தங்கைக்கு 34 வாரத்திலேயே பிரசவமாகி ஆண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே சிறுநீர்ப்பை அடிவயிற்றில் வெளியே திறந்தபடி இருந்தது, பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி என்றார்கள். முதல் வாரத்தில் இரண்டு தடவை மூச்சு நின்று, நர்ஸ் முதுகைத் தேய்த்துவிட்ட பிறகு வந்ததாம். கொஞ்ச நாள் மூச்சைத் தூண்டும் காஃபீன் மருந்து கொடுத்து நிறுத்திவிட்டார்கள். இப்போது 24 நாள் ஆகிறது, வீட்டில் இருக்கிறான். இரண்டரை மாத வயதில் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "குறைமாதக் குழந்தை, ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு நிற்க வாய்ப்பு இருக்கிறது, ஒன்றிரண்டு நாள் வென்டிலேட்டரில் வைக்க வேண்டி வரலாம்" என்று சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. தங்கை ராத்திரி முழுக்க குழந்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு அலைவது நான்தான். ஒரு வயது முடியட்டும் என்கிறார் அம்மா. முதுகில் ஊசி போட்டே செய்யலாமே, முழு மயக்கம் எதற்கு என்கிறார் மருந்துக்கடை வைத்திருக்கிற சொந்தக்காரர். மூளை பாதிக்கும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— தாய்மாமன், திண்டுக்கல் மாவட்டம்

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகனுக்கு மயக்க மருந்து கொடுக்கலாம், ஆபரேஷன் செய்யலாம். மூச்சு நிற்கலாம் என்று அந்த டாக்டர் முன்கூட்டியே சொன்னதை நீங்கள் எல்லாரும் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டீர்கள். நானும் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் வேலை செய்கிறவன்தான், எனக்கு அதைப் படித்ததும் நிம்மதிதான் வந்தது. குறைமாதத்தில் பிறந்ததைக் கேட்டு, முதல் வாரம் மூச்சு நின்றதைக் கேட்டு, அதற்கு என்ன ஏற்பாடு என்று யோசித்து வைத்திருக்கிறார். "ஒன்றும் பயமில்லை, கையெழுத்து போடுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முதலில் தங்கையைத் தூங்க வைக்கிற விஷயம். பிறந்த குழந்தை நம்மைப் போல ஒரே சீராக மூச்சு விடாது. வேகமாக நாலைந்து மூச்சு, அப்புறம் 5, 10 விநாடி ஒன்றுமே இல்லை, மறுபடி வேகமாக. நல்ல நிறத்தோடு, நிம்மதியாகத் தூங்கும்போது இப்படி இருந்தால் அது வயதுக்குரிய மூச்சுதான். நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்த 10 விநாடியும் ஒரு யுகமாகத்தான் தெரியும், அதில் தப்பில்லை. நாங்கள் அப்னியா என்று சொல்வது வேறு: 20 விநாடிக்கு மேல் மூச்சு நிற்பது, அல்லது அதற்குக் குறைவாக நின்றாலும் இதயத் துடிப்பு சரிவது, உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது, உடம்பு துவண்டு போவது. வீட்டில் அப்படி நடந்தால் உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து எழுப்பிக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மற்றபடி மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தில் துணி விழாமல் பார்த்துக்கொண்டு, நீங்களும் அம்மாவும் முறை போட்டு விழித்திருந்து தங்கையைத் தூங்க விடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் உடம்பில் தெம்பு நிறையவே தேவைப்படும்.

சரி, மயக்க மருந்துக்கும் மூச்சு நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? மூச்சு விடு என்று சொல்கிற இடம் மூளையின் தண்டுப் பகுதியில் இருக்கிறது. 34 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த இடம் இன்னும் பக்குவப்பட்டு முடியவில்லை. நமக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சு வேகமாகி வேகமாகவே இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு முதல் ஓரிரு நிமிடம் வேகமாகும், பிறகு தளர்ந்துவிடும், நின்றும் போகலாம். மயக்க வாயு, மார்ஃபின் வகை வலி மருந்து, தூக்க மருந்து எல்லாமே இந்தத் தளர்ச்சியை இன்னும் கூட்டுபவை. விலா எலும்பு இளசு, உதரவிதானம் சீக்கிரம் களைத்துப்போகும், நுரையீரலில் இருப்பு வைத்திருக்கும் காற்றும் குறைவு. ஒரு கிலோ எடைக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்ஸிஜனை அந்த உடம்பு செலவழிக்கிறது. அதனால் மூச்சு நின்றால் நிறம் மாற அதிக நேரம் ஆகாது, இதயத் துடிப்பும் கூடவே சரியும். வாயு உடம்பை விட்டுப் போனதும் ஆபத்து முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்து பல மணி நேரம் கழித்து, நன்றாக அழுது பால் குடித்த குழந்தைக்கும் இது வரலாம். உங்கள் டாக்டர் சொன்னது இதைத்தான்.

இதில் குழந்தையின் வயதை நாங்கள் கணக்கிடுவது வேறு மாதிரி. பிறந்தபோது இருந்த வாரமும் பிறந்த பிறகு ஓடிய வாரமும் சேர்த்தால் என்ன வருகிறதோ அதுதான் வயது. உங்கள் மருமகனுக்கு 34-உம் மூன்றும், 37 வாரம் சொச்சம். நாள் கணக்கோடு பிறந்திருந்தால் இன்னும் வயிற்றுக்குள் இருந்திருப்பான். இரண்டரை மாதத்தில் ஆபரேஷன் என்றால் அப்போது கிட்டத்தட்ட 44, 45 வாரம் இருக்கும். குறைமாதத்தில் பிறந்து குடலிறக்க ஆபரேஷன் செய்த குழந்தைகளின் கணக்கையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 1995-இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. இந்த வயது ஏற ஏற மூச்சு நிற்கும் வாய்ப்பு இறங்குகிறது, உங்கள் மருமகனைப் போல 32 முதல் 35 வாரத்தில் பிறந்தவர்களுக்கு அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போக 54 முதல் 56 வாரம் வரை ஆகிறது என்று அதில் தெரிந்தது. 60 வாரம் தாண்டாத குறைமாதக் குழந்தையை ஆபரேஷன் முடிந்த அன்றே வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று பல இடங்களில் வைத்திருக்கும் கட்டுப்பாடு இந்த மாதிரி கணக்குகளிலிருந்து வந்ததுதான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரத்தசோகை இருந்த குழந்தைகளுக்கு, வயது கூடினாலும் மூச்சு நிற்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறந்த எல்லாக் குழந்தைக்கும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே இறங்கும், குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சீக்கிரமாக, இன்னும் கீழே இறங்கும். அதாவது நீங்கள் காத்திருக்கும் அதே வாரங்களில் மூளை பக்குவப்பட்டுக்கொண்டு வருகிறது, ரத்தம் இறங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே சும்மா காத்திருந்தால் போதாது. எழுதிக்கொடுத்த இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை விடாமல் கொடுங்கள், ஆபரேஷனுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஹீமோகுளோபின் பார்த்துவிடச் சொல்லுங்கள். 10-க்குக் கீழே இருந்தால் மயக்க மருந்து டாக்டர் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆபரேஷனில், முன்பக்கம் விலகி நிற்கும் இடுப்பெலும்பை வெட்டிச் சேர்க்கும் வேலையும் இருந்தால் ரத்தம் போகும், ரத்தம் தயாராக எடுத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா ஒரு வயது முடியட்டும் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். இந்தக் குறை 30,000 முதல் 50,000 பிரசவத்துக்கு ஒன்று என்கிற அளவில் வருவது. முன்பெல்லாம் பிறந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும் என்று ஓட்டமாக ஓடுவோம். தாயின் உடம்பிலிருந்து வந்த ஹார்மோனால் இடுப்பெலும்பு இளகியிருக்கும், வெட்டாமலே நடுவில் சேர்க்கலாம் என்பது காரணம். இப்போது பல பெரிய மையங்களில் ஆறு வாரம், மூன்று மாதம் என்று பொறுத்துச் செய்கிறார்கள். தாய்ப்பால் குடித்து எடை ஏறும், கூடவே வேறு குறை இருக்கிறதா என்று பார்க்க அவகாசம் கிடைக்கும், மூச்சும் பக்குவப்படும். எலும்பை வெட்டிச் சேர்க்க வேண்டி வரலாம், அது இதில் கொடுக்கிற விலை. உங்கள் ஆஸ்பத்திரி சொன்ன இரண்டரை மாதம் நியாயமான கணக்கு. சளி பிடித்தாலோ எடை ஏறாவிட்டாலோ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுவதும் சரிதான், அதற்காகச் சண்டை போடாதீர்கள். ஆனால் மூச்சுக்குப் பயந்து ஒரு வருடம் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்றுபட்டுக்கொண்டே இருக்கும் சிறுநீர்ப்பையின் உட்சுவர் உரசலில் தடித்துப்போகும், சதை முளைக்கும், விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கும். பின்னாளில் அவன் சிறுநீரை அடக்கப் பழக வேண்டிய பை அது. வருடக்கணக்கில் திறந்தே விட்டவர்களுக்குப் பெரியவர்களான பிறகு அந்த இடத்தில் புற்றுநோய் வந்ததும் உண்டு. அம்மாவின் பயம் புரிகிறது, பேரனைத் தியேட்டருக்குள் கொடுக்க மனசு வராது. தள்ளிப்போடுவதால் குறைகிற ஆபத்து முதல் சில மாதங்களோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் தள்ளினால் நஷ்டம் மட்டும்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மருந்துக்கடைச் சொந்தக்காரர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சின்ன குடலிறக்க ஆபரேஷன் என்றால் முதுகில் ஸ்பைனல் ஊசி மட்டும் போட்டு, விழித்திருக்கும்போதே செய்வது உண்டு, நல்ல முறைதான். ஏழு நாடுகளில் 722 குழந்தைகளை வைத்து, முழு மயக்கத்தையும் விழித்தபடி செய்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் அரை மணி நேரத்தில் மூச்சு நிற்பது முதுகு ஊசி போட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது, அதற்குப் பிந்திய மணி நேரங்களில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. மூச்சு நின்ற குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாரும் குறைமாதத்தில் பிறந்தவர்கள். முதுகு ஊசி போட்டாலும் ராத்திரி கண்காணிப்பை விட முடியாது என்பதுதான் நான் இதில் படித்துக்கொண்ட பாடம். உங்கள் மருமகனுக்கு அந்த வழி பொருந்தாமல் போவதற்குக் காரணம் நேரம். கைக்குழந்தைக்கு ஸ்பைனல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தாங்கும். சிறுநீர்ப்பையை மூடி, இடுப்பெலும்பைச் சேர்த்து, வயிற்றுச் சுவரைத் தைப்பது பல மணி நேர வேலை. பாதியில் மரத்துப்போனது விலகி, அழும் குழந்தைக்குத் தூக்க ஊசி மேல் தூக்க ஊசி போட ஆரம்பித்தால், மூச்சுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

முழு மயக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, மயக்க மருந்தைத் தாங்கவும் தாங்காது என்று நம்பி, மிகக் குறைந்த மருந்தோடு ஆபரேஷன் செய்த காலம் ஒன்று இருந்தது, ரொம்பப் பழைய காலமும் இல்லை. இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், 1987-இல் தன் குழுவோடு சேர்ந்து, இதய ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சரியான அளவில் கொடுத்தவர்களுக்கு உடம்பின் அதிர்ச்சியும் பிந்திய சிக்கல்களும் குறைவாக இருந்ததைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் உலகம் மாறியது. வலியை அனுபவிக்க விடுவது குழந்தையைக் காப்பாற்றுவது ஆகாது.

தியேட்டருக்குள் பெரும்பாலும் இப்படி நடக்கும். மயக்கம் வந்ததும் மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும், ஆகவே ஆபரேஷன் நடக்கும் நேரத்தில் மூச்சு நிற்குமோ என்ற கேள்வியே கிடையாது. நாங்கள் அப்போது கவலைப்படுவது சூடு, சர்க்கரை, ரத்தம் இந்த மூன்றையும்தான். உடம்பு குளிர்ந்தாலும் சர்க்கரை இறங்கினாலும் பிறகு மூச்சு நிற்க அதுவே காரணமாகும். அதனால் தியேட்டர் ஏசியைக் குறைத்து, குழந்தைக்கு அடியில் சூடான காற்று மெத்தை போட்டு, குளுக்கோஸ் ஓட்டுவோம். வால் எலும்புப் பக்கமாக மெல்லிய எபிடியூரல் குழாய் ஒன்றை மேலே ஏற்றி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட முடிந்தால் மிக நல்லது. வலி தெரியாது, மார்ஃபின் குறைவாகப் போதும், மூச்சும் பிழைத்தது. பிறந்த சில மாதம் வரை கல்லீரலால் அந்த மரத்துப்போகும் மருந்தை வேகமாக வெளியேற்ற முடியாது, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், அதனால் அளவைக் குறைத்து, பெரும்பாலும் இரண்டு நாளோடு நிறுத்தவோ வேறு மருந்துக்கு மாற்றவோ செய்வோம். முதுகில் குழாய் போடுவதற்கு முன் தண்டுவடத்தை ஒரு தடவை அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் மருமகனுக்கு இருக்கிற வகையில் முதுகு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், குடலும் சேர்ந்து திறந்திருக்கும் கடுமையான வகையில்தான் தண்டுவடக் குறை அதிகம். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது, முதல் மூன்று மாதத்துக்குள் எளிதாகத் தெரியும்.

லேடெக்ஸ் ரப்பர் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். சிறுநீர்ப்பைக் குறையோடு பிறந்து பல தடவை ஆபரேஷன், டியூப் என்று போய்வரும் குழந்தைகளுக்கு ரப்பர் அலர்ஜி வருவது மற்ற குழந்தைகளைவிட மிக அதிகம், சில நேரம் மயக்கத்தில் இருக்கும்போதே கடுமையாக வெளிப்படும். முதல் நாளிலிருந்தே லேடெக்ஸ் இல்லாத கையுறை, டியூப்தான் பயன்படுத்த வேண்டும், கேஸ் ஷீட்டிலும் அதைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். வீட்டில் ரப்பர் நிப்பிள், பலூன் எதுவும் வேண்டாம்.

இனி அந்த வென்டிலேட்டர். நம் ஊரில் தாத்தா பாட்டியை வென்டிலேட்டரில் வைத்த அனுபவம்தான் எல்லாருக்கும் இருக்கிறது, "மெஷின்ல வச்சிட்டாங்களாம்" என்றாலே துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் தூக்கம் போனதற்குக் காரணம் மூச்சு நிற்கும் என்ற பேச்சைவிட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் குழந்தைக்கு வைப்பது முன்கூட்டியே போட்ட திட்டம். நடை பழகும் பிள்ளையின் விரலை இன்னும் நாலு அடி கூடப் பிடித்துக்கொண்டு போவது போலத்தான். இழுத்துத் தைத்த வயிறு மேல்நோக்கி உதரவிதானத்தை அழுத்தும், முதல் ஒன்றிரண்டு நாள் முழு மூச்சு எடுக்க அவன் சிரமப்படுவான். வீறிட்டு அழுது முக்கினால் தையலுக்கும் கெடுதல். அந்த நேரத்தில் மெஷின் மூச்சைப் பார்த்துக்கொண்டால், வலிக்கு வேண்டிய மருந்தைப் பயமில்லாமல் கொடுக்க முடிகிறது. வீக்கம் குறைந்து, மருந்து இறங்கி, குழந்தை தானாக மூச்சை இழுக்க ஆரம்பித்ததும் டியூபை எடுத்துவிடுவார்கள். சில குழந்தைகளுக்குத் தியேட்டரிலேயே எடுக்க முடியும், அதை அன்றைக்குத்தான் முடிவு செய்ய முடியும். எடுத்த பிறகு மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் காற்று கொடுக்கலாம், காஃபீனை மறுபடி ஆரம்பிக்கலாம், இவையும் வழக்கம்தான். மாப்பிள்ளைக்கு குவைத்துக்கு போன் செய்யும்போது இதை முன்பே சொல்லி வையுங்கள், அன்றைக்கு வீடியோ காலில் டியூபோடு பார்த்தால் தனியாக இருக்கும் மனுஷன் உடைந்துபோவார்.

நான் அதிகம் கவலைப்படுவது டியூபை எடுத்த பிறகு வரும் இரண்டு மூன்று ராத்திரிகள்தான். சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பதால் குழந்தை துடிக்கும், அதற்கு டயஸிபாம் கொடுப்பார்கள், கூடவே மார்ஃபின் ஓடிக்கொண்டிருக்கும், அது பிறந்த குழந்தையின் உடம்பில் பெரியவர்களைவிடப் பல மணி நேரம் அதிகமாகத் தங்கும். தனித்தனியாக நல்ல மருந்துகள், இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் மூச்சு அடங்கும். காலைச் சேர்த்துப் பிடிக்க இடுப்பிலிருந்து மாவுக்கட்டோ, காலை மேலே தூக்கிக் கட்டும் இழுவையோ நாலு முதல் ஆறு வாரம் இருக்கும். மல்லாந்தே கிடப்பான், கழுத்து முன்னால் மடங்கினாலே மூச்சுவழி அடைபடும், தோளுக்கு அடியில் சின்னத் துணிச்சுருள் வைக்க நர்ஸ் காட்டிக்கொடுப்பார். மூச்சுவழி அடைபட்டால் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், காற்று போகாது. நெஞ்சு அசைவை மட்டும் எண்ணும் மானிட்டர் அப்போது எல்லாம் சரி என்றே காட்டும். அதனால்தான் கால் விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி எந்நேரமும் இருக்க வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்விகளும் இங்கேதான் இருக்கின்றன. எந்த மயக்க மருந்து, எந்த கம்பெனி என்று கேட்பதில் ஒரு பயனும் இல்லை. டியூப் எடுத்த பிறகு குழந்தை எந்த வார்டில் இருப்பான், அங்கே ராத்திரி மானிட்டர் அடித்தால் யார் வருவார்கள், பச்சைக் குழந்தைக்கு மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்கத் தெரிந்தவர் அந்தத் தளத்திலேயே இருப்பாரா, கடைசியாக மூச்சு நின்ற பிறகு எத்தனை மணி நேரம் நிற்காமல் இருந்தால் மானிட்டரை எடுப்பார்கள் என்று கேளுங்கள். குறைந்தது 12 மணி நேரமாவது, முடிந்தால் 24 மணி நேரம் என்ற பதில் வர வேண்டும். இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடமென்றால், குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கிற வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கேட்பதில் தயங்க வேண்டாம், அவசர ஆபரேஷன் இல்லையென்பதால் அதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது.

மூளை விஷயத்தில் உங்களிடம் மழுப்ப மாட்டேன். மேலே சொன்ன 722 குழந்தைகளை ஐந்து வயதில் மறுபடி சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள், முழு மயக்கம் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைச் சுற்றி முடிந்த ஆபரேஷன்கள். மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதை யோசித்துச் செய்யுங்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் எச்சரித்தது, உங்கள் மருமகனின் ஆபரேஷன் அந்த நேரத்தைத் தாண்டும். அந்த எச்சரிக்கை, அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லவில்லை. என் கருத்து என்னவென்றால், ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த மூளைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய பாதுகாப்பு. வளர்ச்சியை இரண்டு வயது வரை தவறாமல் பரிசோதிக்கக் கூட்டிப்போங்கள், குறைமாதத்தில் பிறந்ததால் அது எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

அதுவரை வீட்டில் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள், அம்மாவிடம் என் பெயரைச் சொல்லியே தடுங்கள். அரைஞாண் கயிறு கட்டவே கூடாது, திறந்திருக்கும் சிறுநீர்ப்பை மேல்தான் அது உரசும். துணியோ பஞ்சோ நேரடியாக அதன் மேல் வைக்காமல், ஆஸ்பத்திரியில் காட்டிய மெல்லிய ஒட்டாத பிளாஸ்டிக் உறையை ஒவ்வொரு தடவை டயாபர் மாற்றும்போதும் மாற்றுங்கள். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை வேண்டாம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம். புகைந்த நுரையீரலோடு வரும் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது எங்களுக்குக் கஷ்டம், அவனுக்கு அதைவிடக் கஷ்டம். உரைமருந்து, வசம்பு, ஜாதிக்காய், தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஜாதிக்காய் தூக்கத்தைக் கொடுக்கும் என்பதால்தானே உரைக்கிறார்கள், மூச்சு நிற்கும் குழந்தைக்கு அந்தத் தூக்கம் ஆகாது. காஃபீன் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு யாராவது ஒரு சொட்டு டிகாக்‌ஷன் தொட்டு வைக்கப் போகிறார்கள், அதையும் தடுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்த மருந்து, ஒரு தடவை கொடுத்தால் அந்த வயதில் உடம்பில் நாட்கணக்கில் இருக்கும்.

ஆபரேஷன் அன்று கடைசித் தாய்ப்பால் பொதுவாக நாலு மணி நேரத்துக்கு முன்பு, பவுடர் பால் என்றால் ஆறு மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி. பயந்துபோய் ராத்திரியிலிருந்தே பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். கேஸ் தாமதமானால் குளுக்கோஸ் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

கடைசியாக, ஆறாவது வாரத் தடுப்பூசியும் பத்தாவது வாரத் தடுப்பூசியும் ஆபரேஷன் தேதிக்குப் பக்கத்தில் வரும். அவற்றை விட்டுவிட வேண்டாம். ஊசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சல் வரலாம், குறைமாதக் குழந்தைக்கு மூச்சும் கொஞ்சம் தடுமாறலாம், ஆகவே ஆபரேஷனுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு வாரமாவது இருக்கும்படி தேதியை இரண்டு டாக்டரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் முடிவும் முதுகு ஸ்கேனும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.